கலம் மாஸ்ரர் திருத்திய கல்வெட்டு

வன்னியில் பிறந்தவர்கள், வந்து குடியேறியவர்கள், காணி வாங்கி விற்றுவிட்டுக் கனடா போனவர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தாலும், தன்னுடைய சாவுக்கு எழுதிய கல்வெட்டைத் தானே உயிரோடு இருந்து வாசித்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, நூற்றுக்குப் பதினெட்டுப் புள்ளி போட்டவர் ஒருவர்தான் இருப்பார். அவர் எங்கள் கலம் மாஸ்ரர். அந்தப் பதினெட்டுப் புள்ளியை வாங்கிய மாணவன் அடியேன். எனக்கு அப்போது பென்சன் வரத் தொடங்கியிருந்தது.

கல்வெட்டு என்றதும் கோயில் மதிலை நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டில் கிருத்தியம் நடக்கும். வருகிறவர்களுக்குச் சோறும் கொடுத்து, ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். முன் அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயாலும் அழுகிற பாட்டுகள். அதுதான் கல்வெட்டு. பந்தி வைக்க முன்னம் அதை ஒருவர் ராகத்தோடு வாசிப்பார், வீட்டார் அழுவார்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் அந்தப் பாட்டுகளை எழுதுகிறவனும் நான், வாசிக்கிறவனும் நான். ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்து யாருக்கும் தெரியாமல் ஓய்வு பெற்றிருக்க வேண்டிய என்னை, ஊர் 'கவிஞர்' என்று கூப்பிட்டது. என் மனைவி மட்டும் கூப்பிடவில்லை.

"செத்தவை எழும்பி வந்து கேக்க மாட்டினம் எண்ட துணிவிலதானே எழுதுறியள்" என்பாள்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. என்னிடம் ஏழெட்டு அச்சுகள் இருந்தன. பெயரை மட்டும் மாற்றுவேன். பெயர் நீளமாக இருந்தால் ராகத்தைச் சுருக்குவேன், கட்டையாக இருந்தால் இழுப்பேன். ஒருமுறை கலியாணமே கட்டாமல் இறந்துபோன ஒரு பெரியவரின் கல்வெட்டில் மனைவி புலம்பலும் சேர்ந்து அச்சாகிவிட்டது. வாசித்துக்கொண்டு போகும்போதுதான் கவனித்தேன். பாதி ராகத்தில் நிறுத்த முடியாது, முழுவதையும் பாடி முடித்தேன். சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. "அப்ப அந்தக் கதை உண்மைதான் போல" என்று பின்னால் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தக் கிழவரின் நல்ல பெயரைக் கெடுத்தவன் என்ற வகையிலும் நான் ஊரில் பிரபலம்.

ஆனால் என் குரலுக்கு அழாத வீடு இல்லை. அதில் எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பங்காளிச் சண்டையில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் என் 'மக்கள் புலம்பல்' முடிய ஒருவரைக் கட்டிப்பிடித்து ஒருவர் அழுதிருக்கிறார்கள். சோறு சாப்பிட்டபின் திரும்பவும் பேசாமல் போயிருக்கிறார்கள், அது வேறு.

இனிக் கலம் மாஸ்ரருக்கு வருவோம். அவர் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஒழுங்கையில் என் வீட்டுக்கு முன் வீடு. மனைவி எப்போதோ காலமாகிவிட்டார். மகள் வதனியின் குடும்பத்தோடு இருந்தார். அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்தது, வாக்காளர் இடாப்பைப் பார்த்தால் தெரியும். என்ன கேள்வி கேட்டாலும் உடம்பின் ஆகச் சின்ன அறையாகிய கலத்தில் இருந்துதான் பதிலைத் தொடங்குவார் என்பதால் அவர் கலம் மாஸ்ரர்.

ஒருநாள் ஏ-ஒன்பது வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். பக்கத்தில் பையோடு நின்ற ஒரு பெண், "ஐயா, வவுனியா பஸ் போயிட்டுதோ?" என்று கேட்டுவிட்டா. பாவம், வெளியூர்.

"பிள்ளை, அதைச் சொல்லுறதெண்டால் முதல்ல ட்ரைவரைப் பற்றி யோசிக்க வேணும். ட்ரைவர் எண்டால் ஆர்? கோடிக்கணக்கான கலங்கள். ஒவ்வொரு கலத்துக்கும் சக்தி வேணும். காலமை சாப்பிடாமல் வெளிக்கிட்டிருந்தால், அந்தாள் பரந்தனில தேத்தண்ணிக்கு நிப்பாட்டியிருக்கும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்க வவுனியா பஸ் வந்தது, நின்றது, போனது. அந்தப் பெண் மரியாதைக்காக நின்றுவிட்டா. நான் ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியாது. கதை எங்கே போய் முடிகிறது என்று பார்க்கிற ஆசையாக இருக்கலாம். அடுத்த பஸ் வந்தபோது மாஸ்ரர் இன்னும் கலத்துக்குள்ளேயே நின்றார். அந்தப் பெண் ஓடிப்போய் ஏறிவிட்டா. நான் அதையும் விட்டேன்.

இன்னொரு தடவை முல்லைத்தீவில் காதர் நானாவின் மகளின் கலியாணம். காதர் நானா அரிசி வியாபாரி, மாஸ்ரரின் பழைய கூட்டாளி. அங்கே சாப்பாடு சஹனில். பெரிய தட்டொன்றில் சோற்றையும் இறைச்சியையும் குவித்து வைத்து, ஆறு பேர் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். மாஸ்ரரோடு ஒரே சஹனில் இருந்தவர்களில் நானும் ஒருவன். அவர் முதல் துண்டை எடுத்தார், விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இது நாரி முள்ளந்தண்டு. பாருங்கோ, இந்த ஓட்டையுக்காலதான் முண்ணாண் நரம்பு போறது."

ஒருவர் கையைப் பின்னுக்கு எடுத்து எழும்பிப் போனார். மாஸ்ரர் அடுத்த துண்டை எடுத்தார்.

"இது சிறுநீரகம். இதின்ர வேலை என்னெண்டால்..."

வேலையைச் சொல்லி முடிக்க முன்பு இரண்டு பேர் கை கழுவப் போய்விட்டார்கள். ஈரல் வரைக்கும் தாக்குப்பிடித்த ஒரு இளைஞனும் குடலுக்கு வந்தபோது எழும்பிவிட்டான். கடைசியில் அவ்வளவு பெரிய சஹனில் நாங்கள் இருவர் மட்டும். காதர் நானா பதறிப்போய் வந்தார்.

"என்ன மாஸ்ரர், மத்த ஆக்கள் எங்க?"

"அவையளுக்குப் பசி இல்லைப் போல நானா" என்று நான்தான் வாய் நிறையச் சோற்றோடு பதில் சொன்னேன். அதன் பிறகு மாஸ்ரருக்கு எந்தக் கலியாணத்துக்கு அழைப்பு வந்தாலும் நான் அவர் பக்கத்தில் இடம் பிடித்துவிடுவேன். அறிவில் ஆர்வம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஊரையே பந்தியில் இருந்து எழுப்பிவிடுகிற இந்த மனிதர் ஒரே ஒரு ஆளுக்கு முன்னால் மட்டும் வாய் திறக்கமாட்டார். அது அவருடைய பேத்தி ஆரணி. அவள் பேசினால் இவர் கேட்பார். அவள் பிழையாகச் சொன்னாலும் கேட்பார். ஊரில் யாருக்கும் கிடைக்காத சலுகை.

மற்ற வீடுகளின் கண்ணாடி அலுமாரியில் பீங்கான் பொம்மை இருக்கும். மாஸ்ரர் வீட்டு அலுமாரியில் நாடாப்புழு, விரியன் குட்டி, ஒரு வௌவால் எல்லாம் போத்தல்களுக்குள் இருந்தன. அவற்றுக்கு நடுவே குட்டிப் போத்தல்களில் ஆரணியின் பாற்பற்கள். ஒவ்வொன்றிலும் துண்டு ஒட்டியிருக்கும்: 'கீழ்த்தாடை, இடது, வெட்டும்பல்.' போகிறவர்கள் வருகிறவர்களுக்கு விரியனைக் காட்டமாட்டார், பல்லைத்தான் காட்டுவார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் பாற்பல் விழுந்தால் கூரையில் எறிவார்கள். அணில் அதை எடுத்துக்கொண்டு நல்ல பல் தரும் என்று நம்பிக்கை. ஆரணி சின்னப் பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு விளையாட வந்த ஒருநாள், கொய்யாக்காயைக் கடித்து ஒரு பல் விழுந்துவிட்டது. என் மனைவி நல்ல எண்ணத்தோடு அதை வாங்கி, "அணிலே அணிலே" என்று சொல்லி எங்கள் ஓட்டுக்கூரையில் எறிந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையால் ஒரு ஏணி வந்தது. ஏணிக்குப் பின்னால் மாஸ்ரர்.

"அணிலுக்கு முன்வாய்ப் பல்லு சாகிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதுக்கு என்னத்துக்கு இவளின்ர பல்லு? ஏறும்."

"நானோ மாஸ்ரர்?"

"எனக்குப் பிரசர். உமக்கு என்ன வருத்தம் இருக்கு?"

எனக்கு நோய் என்று ஒரு வருத்தமும் இல்லாதது அன்றைக்குத்தான் வருத்தமாக இருந்தது. ஏறினேன். கவிஞர் ஒருவர் கூரையில் தவழ்வதை ஒழுங்கைச் சனம் வேலியில் நின்று பார்த்தது. ஓட்டிடுக்கில் வெள்ளையாக ஒன்று கிடைத்தது. வெற்றியோடு இறங்கி வந்து கொடுத்தேன். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றி, போட்டு, திரும்பவும் கழற்றிப் பார்த்தார்.

"இது எலியின்ர."

திரும்பவும் ஏறினேன். இந்த முறை பல்லும் கிடைத்தது, என் கால் ஒரு ஓட்டை உடைத்துக்கொண்டு குசினிக்குள்ளும் போனது. உள்ளே கறி கிண்டிக்கொண்டிருந்த மனைவி அண்ணாந்து பார்த்து, "இறங்கி வாசலால வாங்கோ" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மாரி முழுக்க எங்கள் குசினி ஒழுகியது. மாஸ்ரரின் அலுமாரியில் ஒரு போத்தல் கூடியது.

பிள்ளை வளர்ந்து பெரிய வகுப்புக்குப் போன பிறகும் அவர் விடவில்லை. பழைய ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்குவார், விடுகிற நேரத்துக்கு முன்பே போய் நிற்பார். மாரி என்றால் கையில் இரண்டு குடை. ஒன்று அவளுக்குப் பிடிக்க, மற்றது அவளுடைய புத்தகப் பைக்குப் பிடிக்க. இவர் நடுவில் நனைந்துகொண்டு வருவார். "மாஸ்ரர், மூண்டாவது குடை ஒண்டு வாங்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு ரெண்டு கைதானே" என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் துணுக்காயில் அந்தக் கிருத்தியம் வந்தது. இறந்தவர் வயல் செய்த ஒரு கமக்காரர், மாஸ்ரருக்குத் தூரத்துச் சொந்தம். கல்வெட்டு வாசிக்க நான் போனேன், சாப்பிட மாஸ்ரர் வந்தார். அன்றைக்கு எனக்குக் குரல் நன்றாக விழுந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் புலம்பலில் மேலே ஏறி நின்று ஒரு இழுவை இழுத்தேன். முன்னால் பாயில் இருந்த பேத்திப் பிள்ளை, பதின்மூன்று பதினாலு வயதிருக்கும், கதறி அழுது அப்படியே மயங்கி விழுந்துவிட்டது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பெரிய வித்துவான்களுக்குக்கூட ஆள் மயங்கி விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. மாஸ்ரர்தான் எழும்பி ஓடிப்போய், சனத்தை விலக்கி, பிள்ளையின் காலைத் தூக்கிப் பிடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார். அது கண்ணைத் திறந்ததும் என்னிடம் வந்தார். கலத்தையும் மறந்து அவர் கோபத்தோடு பேசியதை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

"உமக்கு உது சந்தோசமோ?"

நான் கல்வெட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். அடுத்த கிழமை ஒரு பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். கையில் ரப்பர் பட்டியால் கட்டிய ஆறு கல்வெட்டுகள், எல்லாம் நான் எழுதியவை. பேரப்பிள்ளைகள் புலம்பலை மட்டும் விரித்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"இந்த ஆறு வீட்டுப் பேரப்பிள்ளையளும் ஒரே சோதினை மண்டபத்தில பக்கத்தில பக்கத்தில இருந்தவையோ?"

"ஏன் மாஸ்ரர்?"

"வரிக்கு வரி பாத்தெழுதியிருக்கினம்."

குசினிக்குள் என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சரி, கேளும்" என்று குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இதயத்தில ஒரு வால்வு ஒழுங்காய் மூடுறேல்லை. டொக்டர் இப்ப சொல்லுறார், எனக்கு முதலே தெரியும். வதனிக்குச் சொல்லிப்போட்டன், சின்னவளுக்குச் சொல்லேல்லை. நான் போனால் கல்வெட்டு அடிக்காமல் விடமாட்டினம். நீர்தான் எழுதுவீர், நீர்தான் வாசிப்பீர். அவள் முன்னுக்கு இருப்பாள்."

"அதுக்கு இப்பவே ஏன் மாஸ்ரர்..."

"அவள் அழட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. வீட்டுக்க அழட்டும், தாயின்ர மடியில அழட்டும். சனத்துக்கு முன்னால, உம்மட ராகத்துக்கு என்ர பிள்ளை விழக் கூடாது. அந்த ஒரு பக்கத்தை நான் இருக்கேக்கயே எழுதித் தாரும். நான் பாத்துத் திருத்த வேணும்."

செத்தவர் எழும்பி வந்து கேட்கமாட்டார் என்ற ஒரே துணிவில் ஓடிக்கொண்டிருந்த தொழிலில், ஒருவர் சாக முன்பே வந்து கேட்டுவிட்டார். நான் ஆடிப்போனேன். ஆனாலும் கவிஞன் அல்லவா, என் திறமையைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அச்சுகளைத் தொடாமல் புதிதாகவே எழுதினேன்.

இதயம் வெடிக்குதையா, ஈரல் கருகுதையா,
உதிரம் உறையுதையா, உடம்பெல்லாம் நடுங்குதையா,
கண்ணீர் பெருகி இரணைமடுக் குளம் நிரம்புதையா,
அம்மப்பா எழும்பியொரு வார்த்தை சொல்லுமையா.

எழுதி முடித்து நானே வாசித்து நானே கண் கலங்கினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் திரும்பி வந்தது. தாள் முழுக்கச் சிவப்பு.

'இதயம் வெடித்தால் புலம்புவதற்கு ஆள் இருக்காது.' 'ஈரல் கருகுதல்: என்ன வெப்பநிலையில்?' 'உதிரம் உறைந்தால் பாடாமல் வைத்தியசாலைக்குப் போகவும்.' கண்ணீர் வரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார்: 'கண்ணீரில் ஒரு பகுதி உள்ளால் இறங்கி மூக்கு வழியாக வரும். அழுகிறவருக்கு மூக்கும் ஒழுகும். இதை மறைத்தது ஏன்?' கடைசி வரிக்கு நேரே, 'வினாவை விளங்கிக்கொள்ளவில்லை.' அடியில் 18. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

"இந்தப் பதினெட்டும் என்னத்துக்கு மாஸ்ரர்?"

"கையெழுத்து வடிவு."

இரண்டாம் முறை மூக்கையும் சேர்த்து எழுதினேன், இருபத்தேழு வந்தது. மூன்றாம் முறை தமிழில் உள்ள நல்ல சொற்கள் எல்லாவற்றையும் போட்டேன், திரும்பவும் பதினெட்டுக்கு இறங்கியது. மனைவிக்கு இது பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. "இந்த முறை எத்தினை?" என்று ஒழுங்கைக்கே கேட்கக் கேட்பாள்.

"மாஸ்ரர், என்னத்தைத்தான் எழுதச் சொல்லுறியள்?" என்று ஒருநாள் கோபத்தோடு கேட்டேன்.

"கண்டதை எழுதும். முன்வீட்டில இருக்கிறீர், எங்களைப் பாக்கேல்லையோ? ஆய்வுகூடத்தில பிள்ளையள் எழுதுற மாதிரி எழுதும். நோக்கம், பொருட்கள், செய்முறை, அவதானம், முடிவு. வெடிக்கிறது கருகுறது ஒண்டும் வேண்டாம்."

வீம்புக்காக அப்படியே எழுதினேன். பாட்டு இல்லை, ராகம் இல்லை, ஒரு பக்கம். கொடுத்துவிட்டு அவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நோக்கத்தை வாசித்தார். சிவப்புப் பேனா கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு சரி போட்டுவிட்டு வெளியே, ஸ்கூட்டர் நிற்கிற பக்கம் பார்த்தார். மற்றதெல்லாவற்றுக்கும் சரி விழுந்தது. முடிவுக்கு வந்ததும் நான் எழுதியிருந்ததைக் குறுக்கே வெட்டிவிட்டார். நல்ல வரிகள், இப்போது ஞாபகமில்லை.

"முடிவு எண்டால் ஒருக்காச் செய்து பாத்துச் சொல்லுறதில்லை. திரும்பச் செய்தாலும் அதே முடிவு வர வேணும். இது உம்மால சொல்ல ஏலாது. வெறுமையாய் விடும்."

முப்பத்துநாலு போட்டார். பாஸ் பண்ண, அதாவது சித்திக்கு, முப்பத்தைந்து வேண்டும்.

"ஒரு புள்ளிதானே மாஸ்ரர், போட்டுவிடுங்கோவன்."

"முடிவு எழுதாத பிள்ளைக்கு என்னெண்டு சித்தி போடுறது?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "இதுதான். மாத்தக் கூடாது. ராகமும் இழுக்கக் கூடாது."

மாரி தொடங்க முன்னம் அவர் போய்விட்டார். காலையில் ஆரணியைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு வந்தவர், ஸ்கூட்டரை நிழலில் விட்டு, கதிரையில் இருந்து வதனியிடம் தேத்தண்ணீர் கேட்டாராம். தேத்தண்ணீர் வந்தபோது அவர் இல்லை. அன்று பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றவன் நான். என்ன சொல்லிக் கூட்டிவந்தேன் என்று எனக்கு நினைவில்லை. பாட்டாக எதுவும் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

முப்பத்தோராம் நாள் வீடு நிறையச் சனம். பூவரசங்குளத்தில் இருந்து ஒரு வான் நிறையப் பழைய மாணவர்கள். கனடாவில் இருக்கிறவர்களுக்காக ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு, அதற்கு முன்னால் பாயில் தாயின் பக்கத்தில் ஆரணி. மற்றப் புலம்பல்களை வழக்கம்போல வாசித்தேன், வழக்கம்போல அழுதார்கள். வதனியும் அழுதாள். ஆரணி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுடைய கை தாயின் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் பக்கம் வந்தது. சனம் தயாராக மூக்கை உறிஞ்சிக்கொண்டது. ராகத்தை விட்டுவிட்டு நான் சும்மா வாசித்தேன்.

"நோக்கம்: அம்மப்பாவுக்கு ஆரணியில் எவ்வளவு விருப்பம் என்று அறிதல்."

ஆரணி தலையை நிமிர்த்தினாள்.

"தேவையான பொருட்கள்: பழைய ஸ்கூட்டர் ஒன்று. குடை இரண்டு. பாற்பற்கள். போத்தல்கள். ஏணி ஒன்று. ஏறுவதற்கு ஒரு விசர்ப் பைத்தியம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூடினாள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த மாஸ்ரரின் தமையனார், "இதென்ன, கல்வெட்டோ சோதினைப் பேப்பரோ?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பழைய மாணவர்களின் பக்கத்தில் இருந்தும் சிரிப்புக் கேட்டது. மாஸ்ரரின் பிள்ளை விழவில்லை, சிரிக்கிறது. மாஸ்ரர் கேட்டதைச் செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொடர்ந்தேன்.

"செய்முறை: பள்ளிக்கூடம் விட முன்னமே வாசலில் போய் நிற்றல். மழை வந்தால் ஒரு குடையைப் பிள்ளைக்கும் மற்றக் குடையைப் புத்தகப் பைக்கும் பிடித்தல். அவதானம்: பிள்ளை நனையவில்லை. புத்தகம் நனையவில்லை. அம்மப்பா..."

அதற்குப் பிறகு 'நனைந்தார்' என்று ஒரு சொல்தான் இருந்தது. எத்தனையோ வீடுகளை அழவைத்த தொண்டை அந்த ஒரு சொல்லுக்கு மறுத்துவிட்டது. இருமிப் பார்த்தேன். எழுத்துத் தெரியவில்லை. கனடாவுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர் கைத்தொலைபேசியை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். வாழ்க்கை முழுக்க மற்றவர்களை அழவைத்துப் பெயர் எடுத்தவன், ஒரு ஆய்வுகூட அறிக்கைக்கு நடுச்சபையில் நின்று தேம்பினேன்.

ஆரணி எழும்பி வந்து என் கையில் இருந்த கல்வெட்டை வாங்கினாள்.

"அம்மப்பா நனைந்தார்" என்று வாசித்தாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் உடையவில்லை. அடுத்த வரியைப் பார்த்தாள். 'முடிவு' என்று இருந்தது, அதன் கீழ் வெறுமை. அச்சகத்தார் விட்ட பிழை என்று சிலர் நினைத்திருப்பார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டு, புத்தகத்தில் இருந்து வாசிப்பவள்போலவே சொன்னாள்.

"முடிவு. இதைத் திரும்பச் செய்து பாக்க ஏலாது. ஆனாலும் எனக்குச் சந்தேகம் இல்லை."

தமையனார் சால்வையால் முகத்தைத் துடைத்தார். அந்த ஒரு புள்ளியை மாஸ்ரர் ஏன் எனக்குத் தராமல் வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆரணி கல்வெட்டை மூடி என் கையில் தந்தாள். பிறகு முகம் துடைக்கிற தன் லேஞ்சியையும் நீட்டினாள்.

"மாமா, மூக்கு" என்றாள் மெதுவாக.

தொட்டுப் பார்த்தேன். ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மாஸ்ரர், நீங்கள் திருத்தியது சரி.